ரசமட்டத்தின் பாதங்கள்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல். வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்தறியாத ஒரு மனிதரை, அவரோடு வேலை செய்வோர் அத்தனை பேர் முன்னிலையிலும் குடிகாரர் என்றார்கள். சொன்னவர் வேற்று மனிதர் அல்லர். அவருடைய மனைவியின் உடன்பிறந்த அண்ணன்.

பழி சுமந்தவர் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். தொழிலில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கொத்தனார்கள் வைத்திருக்கும் கருவிதான் ரசமட்டம். சிறு கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழி ஓடும். இவரோ அதைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, பதித்த தரையின்மீது வெறுங்காலோடு ஒரு நடை நடப்பார். "அந்த மூலை ஒரு நூல் தூக்கியிருக்கு" என்பார். கருவியை வைத்துப் பார்த்தால் தூக்கித்தான் இருக்கும். மற்றவர்களுக்குக் கண்ணில் இருந்த தொழில் அவருக்கு உள்ளங்காலில் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை, புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலில் அவர் பதித்திருந்த சமையல்கூடத் தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். வடிகாலை நோக்கி ஓட வேண்டிய தண்ணீர், விருந்தாளிபோல நிதானமாக மின்தூக்கியை நோக்கி நடந்தது. தரையின் வாட்டம், அதாவது சரிவு, தப்பியிருந்தது. என்ன பிழை என்று பார்க்க ரசமட்டம் இரண்டு எட்டு வைத்தார், தள்ளாடினார், சுவரைப் பிடித்தார். அவருடைய வலக்கால் பசைவாளிக்குள் இருந்தது. இருப்பது பிறர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

"மாப்பிள்ளை, காலையிலேயேவா?" என்றார் கான்ட்ராக்டர். அவர்தான் அந்த அண்ணன்.

"என்னது மச்சான்?"

"ஊதுங்க."

ரசமட்டம் ஊதினார். மைத்துனர் சொன்னால் தட்டிப் பேசிப் பழக்கமில்லை; பெண் கொடுத்தவர், வேலையும் கொடுத்தவர்.

"ஒண்ணும் வரலையேண்ணே" என்றார் டைல்ஸ் அறுக்கும் தொழிலாளி.

"உனக்கென்னப்பா தெரியும்? இப்பல்லாம் வாசனையே வராததா விக்கிறான்." பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "மே மாசம் பெரிய ஹால் தொடங்குது. அதுக்குள்ள தெளிஞ்சு வந்தீங்கன்னா நீங்கதான் தலை. இல்லேன்னா இந்த ஆளுங்களை வேற கையில ஒப்படைச்சிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக்கூடாது."

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்று பழமொழி உண்டு. இந்த மனிதர் பாலையும் குடிப்பதில்லை. பனைமரத்தின் பக்கமும் போனதில்லை. ஆயினும் பெயர் வந்துவிட்டது.

செய்தி ரசமட்டத்தின் மனைவிக்கு அண்ணனிடமிருந்தே தொலைபேசியில் வந்தது. அவள் ஒரு சலவைக்கடையில் துணி வாங்கும் பலகைக்குப் பின்னால் நிற்பவள். கறை எதனால் ஆனது என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள்; குழம்பா, மையா, மருந்தா, மதுவா என்பதில் அவள் மூக்கு தவறியதாக வரலாறு இல்லை. எந்தத் துணியை எந்த நீரில் போடுவது என்பதை அந்த மூக்குதான் முடிவு செய்யும். சட்டையை அவிழ்த்துப் போடும் கணவர் எந்த ரகசியத்தையும் அவளிடம் ஒளிக்க முடியாது.

"அண்ணே, அவர் சட்டையை ரெண்டு வருஷமா தினமும் மோந்து பார்க்கிறேன். சிமெண்ட் வாசனை, பசை வாசனை, வேர்வை. வேற ஒண்ணும் கிடையாது."

"கட்டினவ அப்படித்தாம்மா சொல்லுவ."

"சந்தேகப்பட்டுத்தான் மோந்து பார்த்தேன்! நம்பிட்டிருந்தா மோந்து பார்த்திருப்பேனா?"

அண்ணன் தொலைபேசியை வைத்துவிட்டார். வாதத்தில் தோற்றவர்கள் வேலை இருப்பதாகச் சொல்லி வைப்பது வழக்கம். அவர் அதையும் சொல்லவில்லை.

அவள் சந்தேகப்பட்டதற்குக் காரணங்கள் இருந்தன. முதலில் செருப்பு. தெருவில் எங்கோ ஒரு செருப்பைக் கழலவிட்டு, மற்றொன்றோடு வீட்டுக்குள் வருவார். "இன்னொண்ணு எங்கங்க?" என்றால் குனிந்து பார்த்துத்தான் வியப்பார். அடுத்து முகம் கழுவுதல். முகத்தில் சோப்பைப் பூசிக் கண்ணை மூடினால் போதும், உடல் ஒரு பக்கமாகச் சாயும். குழாயைப் பற்றிக்கொண்டு நிற்பார். கண் திறந்தால் நிமிர்வார். பிறகு கைவிரல்கள். சட்டைப் பித்தானைப் போடுவதற்குக் கண்ணாடி முன் நின்று, வேறொருவருடைய பித்தானைப் போடுகிறவர்போலப் பார்த்துப் பார்த்துப் போடுவார்.

இவையெல்லாம் உடம்பு. அவளை வாட்டியது மனம். பூப்போலப் பேசிய மனிதர் தட்டை எறிந்தார். கல்லூரிக்குப் போகும் மகளிடம், "எந்த வகுப்பு படிக்கிற?" என்று ஒரே வாரத்தில் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை அவள் சிரித்தாள், அவர் அழுதுவிட்டார். அழுத பிறகு, ஏன் அழுதோம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே விளக்கம் இருந்தது.

"கேஸ்."

"கால் மரத்துப் போறதுக்கும் கேஸா?"

"கேஸ் காலுக்கு இறங்கும்டி. உனக்கென்ன தெரியும்?"

"மறதிக்கு?"

"தலைக்கு ஏறும்."

"அப்பா, அது கேஸா, லிப்டா?" என்றாள் மகள்.

அந்த வீட்டில் கேஸ் என்பது நோயன்று; ஒரு மதம். அதற்காக அவர் முதலில் இறைச்சியை விட்டார், பிறகு முட்டையை, பிறகு மீனை, பிறகு பாலையும் தயிரையும். ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டி, விசாரணையின்றி நாடு கடத்தினார். தேநீரும் பாலின்றித்தான். விட்டவற்றின் பட்டியல் நீண்டதே தவிர வயிறு அடங்கவில்லை.

சென்ற ஆண்டே அவள் அவரை ஊரின் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அலட்சியமாக இருந்தார்கள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. முழங்கால் மருத்துவர், "முட்டி போட்டு வேலை செய்றவர், தேய்மானம்" என்று முழங்காலுக்கு உறை கொடுத்தார். நோய் பாதத்தில், உறை முழங்காலில். காது மருத்துவர், தள்ளாட்டம் காதிலிருந்து வரும் என்று காதைக் கழுவி அனுப்பினார். மனநல மருத்துவர் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தாழ்ந்த குரலில், "எவ்வளவு குடிப்பார்? உண்மையைச் சொல்லுங்க" என்றார். குடிக்க மாட்டார் என்றதற்கு, "எல்லா மனைவியும் இப்படித்தான் தொடங்குவாங்க" என்று புன்னகைத்தார். அந்தப் புன்னகையை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை; மன்னிக்க வேண்டிய தேவையும் இல்லை.

மூவரும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டார்கள்: "வேற மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

மூவரிடமும் கணவனும் மனைவியும் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஒண்ணும் இல்லைங்க."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் மனமார நம்பினார்கள்.

மார்ச் ஒன்பதுக்குப் பிறகு ரசமட்டம் வீட்டில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனை என்றாலே சீறினார். "காதைக் கழுவினது போதாதா? இன்னும் எதைக் கழுவணும்?"

"நீங்க வரலேன்னா எங்கண்ணன் சொன்னது உண்மைன்னு ஆயிடும்" என்றாள் மனைவி. "நான் குடிகாரன் பொண்டாட்டியா சாக மாட்டேன். சட்டையைப் போடுங்க."

இம்முறை மகள் எந்தச் சிறப்பு மருத்துவரிடமும் சீட்டு வாங்கவில்லை. "உறுப்பு உறுப்பா போனா உறுப்பு உறுப்பாத்தான் பார்ப்பாங்க. மொத்தமா பார்க்கிறவங்களைப் பார்ப்போம்" என்று பொது மருத்துவரிடம் வாங்கினாள். அவர் நடுவயதுப் பெண்மணி. தொண்டை கட்டியிருந்ததால் அதிகம் பேசவில்லை. அதிகம் பேச இயலாதவர்கள் கேள்வியைச் செப்பமாகக் கேட்கிறார்கள்.

"காலைல கண்ணு முழிச்சதிலிருந்து படுக்கிற வரைக்கும் உங்க வாய்க்குள்ள என்னென்ன போகுது? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

ரசமட்டம் பணிவாகத் தொடங்கினார். "எந்திரிப்பேன். பல்லு தேய்ப்பேன். கேஸ் மாத்திரை போடுவேன். அப்புறம் ஒரு டீ, பால் இல்லாம..."

மருத்துவரின் பேனா நின்றது.

"என்ன மாத்திரை?"

"கேஸ் மாத்திரைங்க. சாதாரண கேஸ் மாத்திரை. வெறும் வயித்துல போடுறது."

"எவ்வளவு நாளா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மகளைப் பார்த்தாள். "இவ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்திலிருந்து" என்றாள்.

மருத்துவர், கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த மகளை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு முறை அளந்து பார்த்தார்.

"தினமுமா?"

"ஒரு நாள்கூட விட்டதில்லைங்க" என்றார் ரசமட்டம், சற்றுப் பெருமையாகவே.

"யார் எழுதிக் கொடுத்தது?"

"எழுதினதெல்லாம் இல்லைங்க. மாசச் சாமான் வாங்கும்போது நான்தான் வாங்கிட்டு வருவேன்" என்றாள் மனைவி. "சோப்புத்தூள், பற்பசை, கேஸ் மாத்திரை."

"பழைய சீட்டுல எல்லாம் மருந்து எதுவும் எடுக்கலைன்னு இருக்கே?"

"அது மருந்து இல்லையேம்மா!" என்று கணவனும் மனைவியும் மீண்டும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

மருத்துவர் எழுந்து வந்தார். ரசமட்டத்தை நிற்கவைத்துப் பாதங்களைச் சேர்த்துக் கண்ணை மூடச் சொன்னார். ரசமட்டம், சோப்புப் பூசியவர்போலச் சாய்ந்தார். மருத்துவரும் மகளும் தாங்கிப் பிடித்தார்கள். பிறகு இரண்டு கிளையுள்ள ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அது அதிரும்போதே அவருடைய கணுக்கால் எலும்பில் ஊன்றினார்.

"அதிருதா?"

"வச்சிட்டீங்களா?" என்றார் ரசமட்டம்.

அந்த ஒரு சொல்லில் இருந்த வெகுளித்தனம் மனைவியின் நெஞ்சை அறுத்தது. ஒரு நூல் மேட்டை அறிந்த கால் அது.

ரத்தச் சோதனை முடிவு வந்தது. பி12 என்னும் வைட்டமின் இருக்க வேண்டிய அளவில் சிறு பகுதியே இருந்தது. மருத்துவர் கட்டிய தொண்டையோடு விளக்கினார். அந்த வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் இருந்து வருகிறது. அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்றின் அமிலம் வேண்டும். அமிலத்தையும் பல்லாண்டுகளாக மாத்திரை போட்டு அடக்கிவிட்டார். கொஞ்ச நஞ்சம் வந்ததும் உள்ளே சேரவில்லை.

"மின்சாரக் கம்பிக்கு மேல ஒரு உறை இருக்கும் இல்லையா? நரம்புக்கும் அப்படி ஒண்ணு உண்டு. இந்தச் சத்து இல்லேன்னா அது உரிஞ்சு போகும். கால்ல இருந்து போற சேதி தலைக்குப் போய்ச் சேராது. மூளையும் இதே சத்தை நம்பித்தான் இருக்கு. மறதி, கோபம், அழுகை எல்லாம் அதனாலயும் வரும்."

"போன வருஷம் ரத்தம் நல்லா இருக்குன்னாங்களே?"

"ரத்த அணுவை எண்ணிப் பார்த்திருக்காங்க. ரத்தத்துல தெரியாமலே நரம்பைத் தின்னுட்டுப் போறதும் உண்டு. இதைத் தனியாக் கேட்டுத்தான் பார்க்கணும். யாரும் கேட்கலை."

"சரியாயிடுமா டாக்டர்?" இதுவரை கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்த ரசமட்டம் கேட்டார். "மே மாசம் பெரிய ஹால் இருக்கு."

மருத்துவர் சோதனை முடிவை மடித்து வைத்தார். "ஊசி இன்னைக்கே தொடங்கிடலாம். அந்த மாத்திரையைப் படிப்படியாக் குறைப்போம், நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. தலை சீக்கிரம் தெளியும். கால்... எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது. நாள் ஆயிடுச்சு. ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா..."

அவ்வளவுதான். மனைவி எழுந்தாள்.

"ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்தோம்மா! இதே ஆஸ்பத்திரி. இதே வராந்தா. மூணு ரூமுக்கு ஏறி இறங்கினோம். முட்டியைப் பார்த்தாங்க, காதைப் பார்த்தாங்க, என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சாங்க. இவர் செருப்பு கழண்டதுகூடத் தெரியாம நடக்கிறார்னு மூணு பேர்கிட்டயும் சொன்னேன். ஒருத்தர் இந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாங்களா? கேளுங்க, கூப்பிட்டுக் கேளுங்க!"

"உட்காரும்மா" என்றாள் மகள்.

"உட்கார மாட்டேன்."

மருத்துவர் அவளை அமரச் சொல்லவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "நீங்க கோபப்படறது நியாயம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசிக்குச் சீட்டு எழுதினார். நியாயம் என்று ஒப்புக்கொண்ட முதல் குரல் அது. ஆனால் நியாயத்தைக் காலில் தடவ முடியாதே!

மருத்துவர் சொன்னபடியே நடந்தது. சில வாரங்களில் தலை தெளிந்தது. தட்டு பறக்கவில்லை. மகள் படிக்கும் பாடத்தின் பெயரைச் சொல்லி அவளையே கேலி செய்தார். கண்ணாடி பாராமல் பித்தான் போட்டார். முகம் கழுவும்போது குழாயைப் பற்றவில்லை. கடைசியாகக் கால். உள்ளங்காலில் எறும்பு ஊர்வதாகச் சொன்னார். அதற்கே மனைவி அண்டை வீட்டாருக்குக் கேட்கும்படி சிரித்தாள். ஆனால் அந்த ஊர்தல் அங்கேயே நின்றுவிட்டது. தரை இருக்கிறது என்று தெரிந்தது. எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. மதி மங்கியிருந்த நாளில் அவருக்குத் தம் நிலை தெரியவில்லை. மதி தெளிந்த பிறகு, இழந்தது இன்னதென்று துல்லியமாகத் தெரிந்தது. இதைக் குணமென்று சொல்வதா, தண்டனையென்று சொல்வதா?

மே மாதத் தொடக்கத்தில் கான்ட்ராக்டர் அண்ணன் பழப்பையோடு வந்தார். வந்தவர் கூடத்தில் அமரவில்லை, நேரே சமையலறைக்குள் நுழைந்து தங்கையிடம் மெல்லிய குரலில், "தப்பாப் பேசிட்டேம்மா. வைட்டமின்னு எனக்கென்ன தெரியும்?" என்றார்.

"இதை ஏன் இங்க வந்து சொல்றீங்க? சொன்ன இடத்துல போய்ச் சொல்லுங்க. சமையல்கூடத் தரைல, அத்தனை பேர் முன்னாடி."

"குடும்ப விஷயத்தை எதுக்கும்மா நாலு பேர் முன்னாடி..."

"ஊதுங்கன்னு சொன்னப்ப அது குடும்ப விஷயமா இல்லையாண்ணே?"

அண்ணன் பழப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நான் போய் வைட்டமின் குறைச்சல்னு சொன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா? குடிகாரனுக்கு மச்சான் சாக்குச் சொல்றான்னு சிரிப்பாங்க. சத்துக் குறைஞ்சா களைச்சுப் போவாங்க, தள்ளாடுவாங்களான்னு கேட்பாங்க. விடும்மா. ஹாலுக்கு வேற மேஸ்திரி வந்தாச்சு. மாப்பிள்ளைக்குச் சாமான் கிடங்குல உட்கார்ற வேலை போட்டிருக்கேன்."

வாசலில் நின்ற ரசமட்டம் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "உட்கார்றேன் மச்சான்" என்றார். "ஆனா காலைல ஒரு தடவை அந்த ஹால்ல நடந்து பார்க்கிறேன்."

நடந்தார். வெறுங்காலோடு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தார். புதிய மேஸ்திரி கைகட்டி நின்றார். நடந்து முடித்தும் கால் எந்த மூலையையும் காட்டிக்கொடுக்கவில்லை; செருப்பை மாட்டிக்கொண்டார். மாட்டியாயிற்றா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். கிடங்கு வேலைக்குப் போய் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம், டைல்ஸ் அறுக்கும் தொழிலாளி ஒரு மூட்டைத் துணியோடு சலவைக்கடைக்கு வந்தார். அன்றைக்கு ரசமட்டத்துக்காக ஒரு சொல் பேசிய நல்ல மனிதர்தாம். துணிகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்த மனைவியிடம் முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்:

"அக்கா, அண்ணன் இப்ப எவ்வளவு தெளிவா இருக்கார்! எங்களுக்கெல்லாம் ரொம்பச் சந்தோஷம். குடியை விடுறது லேசான காரியமா? இந்த வயசுல விட்டாரே, பெரிய மனுஷன்!"

அவள் கையிலிருந்த சட்டை பலகைமேல் விழுந்தது. விளக்கத் தொடங்கினாள். ஊசி என்றாள், நரம்பு என்றாள், கேஸ் மாத்திரை என்றாள். அவர் இரக்கத்தோடு தலையாட்டிக்கொண்டே கேட்டார். "அட, எதனாலயோ விட்டார் இல்லக்கா? அதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, துணி எப்போது கிடைக்கும் என்று விசாரித்தார்.

நோய் வந்தபோது குடிகாரர். நோய் நீங்கியபோது குடியை விட்டவர். குடிக்காதவர் என்ற பட்டியலில் மட்டும் அவருக்கு இடமே இல்லை. அவருடைய காலில் பாதியைச் சத்துக்குறைவு கொண்டு போயிற்று. பெயர் முழுவதையும் நாம் கொண்டு போனோம்.

ஆகவே, இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வேண்டுகோளாக அன்று, கட்டளையாகவே. உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலையிடத்திலோ தள்ளாடி நடக்கிற, மறக்கிற, காரணமின்றிச் சீறுகிற ஒருவர் இருப்பார். அவர் இன்னார் என்று இதற்குள் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். அவரை ஊதச் சொல்லாதீர்கள். நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பி12 பார்த்தீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பார்க்காமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திராதீர்கள்.